அறிக்கையில் 15 குழி, மனையில் நாலே குழி

செக் குடியரசில் மனை வாங்கி வீடு கட்டலாம் என்று இருக்கும் நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது போதும்.

பிர்னோவில் பல வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டு, ட்ரெபீச் பக்கம் ஒரு கிராமத்தில் மனை வாங்கினேன். அந்த வட்டாரத்துப் பாறையில் யுரேனியம் கூடுதல். அது சிதைவதில் வரும் வாயுதான் ரேடான். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தரை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை வழியாக வீட்டுக்குள் ஏறிவிடும். நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட்டுக்கு அடுத்த காரணம் இதுதான். அதனால் 2016இல் வந்த அணுச் சட்டப்படி, வீடு கட்டும் முன் மனையின் ரேடான் அளவை, உரிமம் உள்ளவர்களை வைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டித்தந்த நிறுவனமே, "எங்களுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், சீக்கிரம் முடித்துவிடுவார்" என்றது. காசும் கம்மி. சரி என்றேன்.

தனி வீட்டு மனை என்றால் குறைந்தது 15 இடத்தில், 80 செ.மீ. ஆழத்துக்கு இரும்புக் குழாயை அடித்து இறக்கி, பெரிய சிரிஞ்சால் மண்ணுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். மண் தன் வழியே எவ்வளவு காற்றைப் போகவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று எழுதுவார்கள். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அளக்க வந்த அன்றைக்கு நான் ஆபீஸில். அரியலூரிலிருந்து வந்திருந்த மாமனார் மனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் போர்வெல் லாரியில் ஓடிய மனுஷன். ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "மாப்ளே, அந்த ஆளு நாலு எடத்துலதான் அடிச்சாரு. அதுலயும் ஒண்ணு கல்லு தட்டிப் பாதியில நின்னுருச்சு."

"அவங்களுக்குத் தெரியாதா மாமா" என்றேன்.

அறிக்கையில் 15 எண்கள். எல்லாம் ஒரு கன மீட்டர் மண்காற்றுக்கு 8 முதல் 14 கிலோபெக்கரலுக்குள், வரிசை பிசகாமல். பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. ஒரே மனையில் நாலடி தள்ளினாலே அளவு மாறும் மண் அது. ரேடான் "குறைவு" என்று போட்டதால் சாதாரண ஈரத்தடுப்புத் தாளோடு விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு கான்கிரீட்டுக்குக் கீழே ஜல்லிப் படுக்கை, மேலே தரையையே சூடாக்கும் ஏற்பாடு. ஜல்லி வாயுவைச் சேர்த்து வைக்கும், சூடான வீடு அதை மேலே இழுக்கும். அளவு குறைவு இல்லை என்று தெரிந்திருந்தால், தரைக்கு அடியிலேயே காற்றோட்டக் குழாய் பதித்திருப்பார்கள்.

முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் மீட்டரைக் கொடுத்தார். மகள் படுக்கும் கீழ் அறைக் காற்றில், கன மீட்டருக்கு 740 பெக்கரல். இங்கே வீட்டுக்குச் சொல்லும் அளவு 300. மனைவி அன்றைக்கே பிள்ளையின் கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டாள்.

வேறு ஆளை வைத்துத் தோட்டத்தில் அளந்தேன். இந்த முறை லீவு போட்டு நின்று, குழிகளை எண்ணினேன். காலையில் ஆரம்பித்தவர் முடிக்க மதியம் ஆனது. முடிவு: "அதிகம்".

பழைய ஆளைக் கேட்டால், "அன்றைக்கு மண் அப்படி இருந்தது" என்கிறார். கட்டியவர், அறிக்கைதான் தப்பு என்கிறார். தரையைத் துளைத்து, குழாயைக் கூரை வரை ஏற்றி, விசிறி வைக்க ஒரு லட்சத்து முப்பதாயிரம் கொருனா என் கையிலிருந்து போனது. புகார் கொடுத்திருக்கிறேன்.

ஆளை நீங்களே பிடியுங்கள், கட்டுபவரிடம் விடாதீர்கள். உரிமம் இருக்கிறதா என்று அணுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அந்த நாள் மனையில் நில்லுங்கள். வட்டார ரேடான் வரைபடத்தைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள். அது உங்கள் மனைக்கு அளந்தது இல்லை.

இப்போது 120க்குக் கீழே இருக்கிறது. போன வாரம் வீடியோ காலில் மாமா, "என்ன மாப்ளே, ஏதோ மோட்டார் சத்தம் கேக்குது?" என்றார். ஹீட்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.