கருக்கலைப்பு: யார் போட வேண்டிய கையெழுத்து?

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குப் போகும் ஆண்கள், ஆண்டில் பாதி நாளுக்கு மேல் வெளி மாநிலங்களில்தான் இருப்பார்கள். என் சின்னம்மா மகளின் கணவரும் அப்படித்தான். நோம்பிக்கு வந்துவிட்டு அவர் மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்பிய பிறகு இவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். சின்னவன் இன்னும் பால்குடி மறக்கவில்லை. "இன்னொன்றைத் தாங்க உடம்பில் தெம்பில்லை அக்கா" என்றாள். ஏழாவது வாரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்றார்கள். அடுத்த முறை, மாமியாராவது வரட்டும் என்றார்கள். மூன்றாம் முறை போனபோது பத்தாவது வாரம். மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது. அதற்கான ஒன்பது வாரக் கெடு கடந்துவிட்டது.

அன்றிலிருந்து இந்த விவாதத்தின் இரண்டு பக்கங்களையும் மனத்துக்குள் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு பக்கம் உயிர். கருவில் உண்டானதை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை என்கிறார்கள். என் அம்மாயியும் இதைத்தான் சொல்வார்: "சாமி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல நாம் யார் கண்ணு?" இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேன் திரையில் அரிசிமணி அளவில் ஒரு துடிப்பைப் பார்த்து நானே அழுதிருக்கிறேன். ஆனால் முதல் நாளிலிருந்தே கரு முழு மனிதர் என்றால், கலைப்பது கொலையாக வேண்டும். தண்டிக்க வந்த சட்டமே அப்படிச் சொல்லவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டம், கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை, சிசுவின் அசைவு தெரிந்த பிறகு என்றால் 7 ஆண்டு வரை சிறை என்றது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. கரு வளர வளரத்தான் அதன் உரிமையும் வளரும் என்ற எண்ணம் அந்தப் பழைய சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு பக்கம் உடல். பெற்ற பிள்ளைக்கே சிறுநீரகம் தேவைப்பட்டாலும், தகப்பனைக் கட்டாயப்படுத்தி அறுவை சிகிச்சை மேசையில் படுக்கவைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஒரு பாட்டில் ரத்தம்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கர்ப்பிணியிடம் மட்டும் ஒன்பது மாதம் ரத்தம், எலும்பு, உறக்கம் எல்லாவற்றையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாமா? கரு உண்டானதற்கு அவளும் காரணம்தானே என்பார்கள். தகப்பனும்தான் காரணம். அவருடைய உடலை யாரும் கேட்பதில்லை.

ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' இதழை நடத்திய பெரியார், 1930-களின் தொடக்கத்தில் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது சொன்ன காரணம் இதற்கு நெருக்கமானது. மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் ஆரோக்கியத்தையும் காட்டினார்கள். அவர் பெண்ணின் விடுதலையைக் காட்டினார். அவர் பேசியது கருத்தடையைப் பற்றித்தான், கலைப்பைப் பற்றி அல்ல. ஆனாலும் கேள்வியை அவர் சரியான இடத்தில் வைத்தார்.

உடல் சுதந்திரம் என்ற வாதத்துக்கும் நம் ஊரிலேயே ஒரு கடுமையான சோதனை இருக்கிறது. பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகம் விற்ற செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதை உடல் சுதந்திரம் என்று யாராவது சொல்வோமா? கடன்காரன் வாசலில் நிற்கும்போது கொடுத்த சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கங்களில் பெண் சிசு என்று தெரிந்து கலைத்த கதைகளையும் இப்படித்தான் பார்க்கிறேன். உயிரின் பக்கம் நிற்பவர்கள், 'பாருங்கள், உங்கள் சுதந்திரம் இதில்தான் முடியும்' என்று அவற்றைச் சுட்டுகிறார்கள். அந்தப் பெண்களில் எத்தனை பேரை யார் கேட்டார்கள்? பெண் என்றால் கலைத்துவிடு என்ற அதே வாய்தான், பேரன் என்றால் தொடவே கூடாது என்றது.

தாயே விரும்பிக் கேட்டால்? இது என்னை உண்மையாகவே தடுமாறவைத்த கேள்வி. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இதில் நல்ல வழியைக் காட்டியது என்று நினைக்கிறேன். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத்தான் அது குற்றமாக்கியது. கர்ப்பிணியின் உடல்மேல் கை வைக்கவில்லை.

பெற்றுக் கொடுத்துவிடலாமே என்பவர்களும் உண்டு. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தது. அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் பிரசவம் வரைக்கும் சுமக்க வேண்டியவளுக்கு அதில் பதில் இல்லை.

இந்தியச் சட்டம் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிறது. பாதுகாப்பற்ற கலைப்பில் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததால் 1971-இல் வந்த சட்டம் அது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமை என்று அறிவிப்பதற்கு 2 ஆண்டுகள் முந்தியது. அமெரிக்கா 2022-இல் அந்த உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் சட்டம் அதை உரிமை என்று சொல்லவே இல்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து வேண்டும். 24 வாரம் வரை, குறிப்பிட்ட நிலையில் உள்ள பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்து. முடிவின் சாவி மருத்துவரிடம் இருக்கிறது என்பது எனக்கு உறுத்தல்தான். ஆனால் ஒன்றில் சட்டம் தெளிவாக இருக்கிறது: 18 வயது நிறைந்தவள் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். குடும்பத்தாரின் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. மணமாகாத பெண்களையும் 24 வார வரம்புக்குள் சேர்த்தது அதே தீர்ப்புதான்.

2023 அக்டோபரில் 26 வாரக் கருவைக் கலைக்க அதே நீதிமன்றம் மறுத்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோயோடு போராடிய தாய் அவர். கருவில் குறை எதுவும் இல்லை. அந்த வழக்கில் மட்டும் என் மனம் இன்னும் ஒரு பக்கமாக நிற்கவில்லை. பத்தாவது வாரத்தில் நின்றவளைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

நான்காவதாக வேறு ஊரில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் முதலில் எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், என்னையும் சேர்த்து. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றேன். சிறிது நேரம் கழித்துக் கதவு திறந்தது. படிவத்தின் அடியில் அவள் பெயர் மட்டும், முதலெழுத்தோடு, நிதானமாக எழுதியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.