கேரமா, பெத்தாங்க்கா?

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங்க் என்கிற குண்டு எறியும் விளையாட்டு புதுச்சேரியில் இன்னும் நடக்கிறது, எனக்கும் பிடிக்கும், ஆனால் என் ஓட்டு கேரமுக்குத்தான். பெத்தாங்க்கில் வட்டத்துக்குள் நின்றபடி, 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் குட்டி மரப்பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி இரும்புக் குண்டை வீச வேண்டும், 13 புள்ளி முதலில் எடுத்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான். ஓட வேண்டாம், வயசு தடையில்லை, அப்புறம் எதிராளி அழகாக வைத்த குண்டை நம் குண்டு அடித்துத் தூக்கும்போது ஒரு 'டங்' வரும் பாருங்கள், அதற்காகவே ஆடலாம். ஆனால் குண்டு வாங்கக் காசு வேண்டும், மண் தரை வேண்டும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆட்டம் காலி.

கேரமுக்கு ஒரு பலகை, கொஞ்சம் போரிக் பவுடர், திண்ணை போதும், மழையாவது ஒன்றாவது! சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்து தன் காய் ஒன்றைப் போட்டு அதை உறுதி செய்யும் 'ஃபாலோ' போட முடியாமல் அதைத் திரும்ப நடுவில் வைக்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. 2 முறை உலக சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு (நான் அடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை). என்ன, தெருவுக்குத் தெரு விதி மாறும், கட்டை விரலால் அடிக்கலாமா என்று யாராவது ஆரம்பித்தால் அன்றைக்கு ஆட்டமே நடக்காது.