பிஜிஎஸ் ஜியாலஜி வியூவர்: பாறையைக் காட்டும், நிலத்தை நாம்தான் வாசிக்க வேண்டும்

பிரிட்டனின் மேட்டுநிலமும் தாழ்நிலமும் ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று கேட்டால், ஜிசிஎஸ்இ என்னும் பிரிட்டன் பள்ளித் தேர்வின் புவியியல் நூல்கள் ஒரு கோட்டைக் காட்டும். வடகிழக்கில் டீஸ் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து தென்மேற்கில் எக்ஸ் ஆற்றின் முகத்துவாரம் வரை போகும் கோடு அது. அதற்கு வடமேற்கே பழைய, கடினமான பாறை. தென்கிழக்கே இளைய, மென்மையான பாறை. முதல் பாடத்துக்கு இது போதும். அடுத்த படிக்குப் போக, 1835-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஜியாலஜிக்கல் சர்வே (பிஜிஎஸ்) இலவசமாகத் தரும் ஜியாலஜி வியூவர் என்னும் இந்த இணையப் பாறை வரைபடத்தை விட நல்ல கருவி பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது. ஆனால் பயன்படுத்தும் முறை தெரியாவிட்டால், தவறான முடிவுக்கும் இதே வரைபடம் கொண்டுபோய்விடும்.

உலாவியில் திறந்து, ஊர்ப் பெயரையோ போஸ்ட்கோடையோ இட்டால் போதும். தொலைவிலிருந்து பார்க்கும்போது 1:6,25,000 அளவில் பொதுவான படம் வரும். நெருங்கினால் 1:50,000 படத்துக்கு மாறும். அப்போது நிறங்களும் பெயர்களும் மாறுவதைக் கண்டு குழம்ப வேண்டாம், அது வேறொரு வரைபடம். ஓர் இடத்தைத் தொட்டால் பாறையின் பெயர், வகை, காலம் மூன்றும் வரும். நிறத்தின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அடியில் இருக்கும் சமவுயரக் கோடுகளும் ஓடைகளும் தெரியாவிட்டால், பாறைக்கும் நிலத்தோற்றத்துக்கும் உள்ள உறவே கண்ணில் படாது.

சோதித்துப் பார்க்க யார்க்‌ஷரின் மாலம் பகுதியே சிறந்த இடம். மாலம் டார்ன் ஏரியைத் தொட்டுப் பாருங்கள். சுற்றிலும் நீரைக் கீழே விட்டுவிடும் சுண்ணாம்புப்பாறை. ஏரி மட்டும் நீர் இறங்காத சைலூரியன் காலப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏரியிலிருந்து தெற்கே வழியும் ஓடையைத் தொடர்ந்தால் வடக்கு கிரேவன் பிளவுக்கோடு, அதாவது பாறை உடைந்து நகர்ந்த கோடு, வரும். அதைத் தாண்டிச் சுண்ணாம்புப்பாறைக்கு வந்த சற்று நேரத்தில் ஓடை தரைக்குள் மறைகிறது. இன்னும் தெற்கே, சுமார் 80 மீட்டர் உயரச் செங்குத்துச் சுவராக மாலம் கோவ். பனியுகத்தின் கடைசியில் உருகிய நீர் அருவியாக விழுந்த இடம் அது. இன்று மேலே ஆறு இல்லை. 2015 டிசம்பர் பெருமழையில் மட்டும் கொஞ்ச நேரம் அருவி திரும்பி வந்தது. ஏரிக்கருகே மறையும் நீர்தான் கோவின் அடியில் வெளிவருகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. அந்த நீர் பெரும்பாலும் மாலம் ஊருக்குத் தெற்கே உள்ள ஏர் ஹெட் ஊற்றுகளில்தான் வெளிவருகிறது.

இங்கேதான் கருவியின் பெரிய எல்லையும் தெரிகிறது. மாலம் கோவ் சுவரைத் தொட்டால் கார்பனிஃபெரஸ் காலம் என்றும் 30 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதும் வரும். அது பாறை கடலடியில் படிந்த காலம். சுவர் வெட்டப்பட்டதும், மேலே பனியாறு மண்ணைச் சுரண்டிப் பாறைத்தளத்தை வெளிக்காட்டியதும், பிறகு கரியமிலவாயு கரைந்த மழைநீர் இடுக்குகளை அகலமாக்கியதும் மிகமிக அண்மையில் நடந்தவை. பரீட்சைத் தாளில் இந்த இரண்டு வயதையும் கலந்து எழுதினால் விளக்கம் முழுக்கச் சாய்ந்துவிடும்.

தெற்கே சசெக்ஸின் டெவில்ஸ் டைக் பள்ளத்தாக்குக்குப் போனால், ‘கடினப் பாறை உயரும், மென்பாறை தாழும்’ என்ற மனப்பாட வரி உடைகிறது. சாக் என்னும் வெண்சுண்ணப்பாறை அப்படியொன்றும் கடினமில்லை. ஆனாலும் இங்குள்ள சவுத் டவுன்ஸ் என்னும் சாக் குன்றுத்தொடர் உயர்ந்து நிற்கக் காரணம், மழைநீர் உள்ளே இறங்கிவிடுவதால் மேலே அரிக்க ஓடைகள் குறைவு என்பதே. பக்கத்துக் களிமண்ணில் நீர் தரைமேல் ஓடி நிலத்தைத் தாழ்த்துகிறது. அப்படியானால் ஆறே இல்லாத இந்த ஆழமான பள்ளத்தாக்கு எப்படி வந்தது? பனியுகக் குளிரில் நிலம் உறைந்தபோது சாக்கும் நீர் புகாததாகிவிட்டது. கோடையில் உருகிய நீர் மேலேயே ஓடி வெட்டியது. சரிவின் அடியில் ஃபுல்கிங் ஊர் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். சாக் முடிந்து நீர் இறங்காத அடுக்குகள் தொடங்கும் இடம், ஊற்று வெளிவரும் இடம்.

அடிக்கடி நடக்கும் பிழை, அடிப்பாறை அடுக்கை மட்டும் பார்ப்பது. நார்ஃபக், சஃபக் பகுதிகளில் அடிப்பாறையாகப் பரந்த சாக் தெரியும். ஆனால் சவுத் டவுன்ஸ் போன்ற சரிவு அங்கே இராது. அடிப்பாறைக்கு மேலே கிடக்கும் படிவுகளைக் காட்டும் ‘சூப்பர்ஃபிஷியல்’ அடுக்கைப் போட்டவுடன் காரணம் தெரிந்துவிடும். சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன் வந்த பனிவிரிப்பு விட்டுப்போன கல்லும் களியும் சாக்கை மூடியிருக்கின்றன. எந்த இடத்தைப் பார்த்தாலும் இந்த அடுக்கை ஒரு முறை போட்டும் ஒரு முறை எடுத்தும் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

குறைகளும் உண்டு. வெவ்வேறு காலத்தில் அளந்த தாள்களை ஒட்டிய படம் என்பதால், சில இடங்களில் பாறை எல்லை நேர்கோட்டில் திடீரென அறுந்து நிற்கும். அது பூமியில் உள்ள கோடல்ல, தாளின் விளிம்பு. சின்னக் கைப்பேசித் திரையில் விளக்கப் பெட்டியே படத்தை மறைத்துவிடுவதால் மடிக்கணினி நல்லது.

லண்டனில் வீடு வாங்குபவர்களும் களிமண் நிலமா என்று இதில் தேடலாம், ஆனால் எச்சரிக்கையோடு. 1:50,000 படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். லண்டன் களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும் என்பது உண்மைதான். உங்கள் தெருவின் எந்தப் பக்கம் களிமண், எந்தப் பக்கம் தேம்ஸ் சரளை என்பதை இந்தக் கோட்டை வைத்து முடிவுகட்ட முடியாது. அதற்கு அந்த இடத்திலேயே துளையிட்டு மண் பார்க்கும் சர்வேயர் வேண்டும்.