கேமரா நம் வீட்டில், ஓனர் கடைப் பையன்! 6,500 ரூபாய் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சிசிடிவி மாட்டி, வெளியூரில் இருந்து போனில் பார்க்க ஏற்பாடு செய்யப் போகிறவர்கள் முழுசாகப் படித்துவிடுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அம்மா கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார், நான் ஓசூரில். அவருடைய முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு ராத்திரி தூக்கமே சரியில்லை. பொங்கல் லீவில் போனபோது, இன்வெர்ட்டர், சிசிடிவி எல்லாம் விற்கிற ஒரு கடையில் சொல்லி மூன்று கேமரா போட்டேன். வாசலில் ஒன்று, புறவாசலில் ஒன்று, பட்டாசலில், அதாவது ஹாலில், சுற்றும் கேமரா ஒன்று. ரெக்கார்டர் பெட்டியோடு சேர்த்து ஆன செலவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் அதற்கு மேல் வாங்கிய 6,500 ரூபாயைப் பற்றித்தான்.

"வெளியூர்ல இருந்து பாக்கணும்னா ஸ்டாட்டிக் ஐபி போடணும் சார், அதுக்கு மேல விபிஎன் லாக். பேங்க்ல இருக்க மாதிரி. இல்லன்னா கண்டவனும் உள்ள வந்துருவான்" என்றார் கடைக்காரர். ஸ்டாட்டிக் ஐபி என்றால் நெட் கனெக்‌ஷனுக்கு மாறாத தனி முகவரி, விபிஎன் என்றால் வெளியாள் நுழைய முடியாத பூட்டிய தனி வழி. வீட்டுக்குள் கேமரா, அம்மா நடமாடுகிற இடம். பாதுகாப்பு என்றதும் நான் பேரமே பேசவில்லை.

மாட்ட வந்த பையன் நல்ல மாதிரி. ஏணியில் ஏறும் முன் செருப்பைக் கழற்றினான். வேலை முடிந்ததும், "வைஃபைய ஆஃப் பண்ணுங்க சார், டேட்டால பாருங்க" என்றான். பார்த்தேன். அம்மா பட்டாசலில் நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். அவர் ஆட்டி முடித்துக் கையை இறக்கிய பிறகு, போனுக்குள் ஆட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அங்கேயே நின்று 6,500 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டேன். அம்மா அவன் கையில் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வேறு கொடுத்து அனுப்பினார்.

போன செவ்வாய் ராத்திரி அம்மா போன் பண்ணினார். "ஏன்யா, கேமராவ எதுக்கு இப்படித் திருப்பிக்கிட்டே இருக்க? அடுப்படிப் பக்கம் வருது, திரும்பப் போகுது." நான் அப்போது ஷிப்டில் இருந்தேன். போனையே தொடவில்லை.

கை நடுங்கிவிட்டது. ஆப்பைத் திறந்து அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், 'உங்களுடன் பகிரப்பட்ட சாதனம்' என்று இருக்கிறது. பகிரப்பட்டதா? என் வீட்டுக் கேமராவை எனக்கு யார் பகிர்வது? மாட்டிய அன்றைக்கே பெட்டியின் அடியில் இருந்த க்யூஆர் கோடை அந்தப் பையன் தன் போனில் ஸ்கேன் செய்து, தன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, எனக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறான். அவன்தான் ஓனர், நான் விருந்தாளி.

ஆபீஸில் நெட்வொர்க் பார்க்கிற நண்பர் ஒருவர் அம்மா வீட்டு ரவுட்டரின் விவரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வெளி ஐபி 100.81 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை உள்ளவை நிறைய வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்க நெட் கம்பெனி பயன்படுத்துபவை. ஸ்டாட்டிக் ஐபி என்றால் இப்படி இருக்காது. நெட் கம்பெனியிலும் கேட்டுவிட்டேன். அந்தக் கனெக்‌ஷனுக்கு ஸ்டாட்டிக் ஐபி யாரும் கேட்கவே இல்லையாம். விபிஎன்னும் எங்கேயும் கிடையாது. ஆப்பில் இலவசமாக வருகிற வசதிக்குத்தான் 6,500 ரூபாய்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள்: "சர்வர் அப்டேட் சார், தானா திரும்பும்." இரண்டாம் நாள்: "பையன் டெஸ்ட் பண்ணிருப்பான்." ராத்திரி பத்தரைக்கா டெஸ்ட்? மூன்றாம் நாள்தான் உண்மை வந்தது, அந்தப் பையன் வேலையை விட்டு நின்றே இரண்டு மாதம் ஆகிறதாம். போன் நம்பரும் மாற்றிவிட்டானாம். சரி, ரெக்கார்டரின் அட்மின் பாஸ்வேர்டையாவது கொடுங்கள் என்றால் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "அது கடை பாஸ்வேர்டு சார். எல்லா கஸ்டமருக்கும் அதான் போட்டிருக்கோம். வெளிய குடுக்க முடியாது."

ஊரில் எத்தனை வீடு, எத்தனை கடை, அத்தனைக்கும் ஒரே பாஸ்வேர்டு! 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்ததே, கையில் அறுபது சொச்சம் பொதுவான பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டுதான் என்று நண்பர் சொன்னார். இங்கே ஒன்றே போதும்.

கேமரா கம்பெனிக்கு எழுதினேன். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் போட்டோவும் பில்லும் அனுப்பினால் பழைய கணக்கிலிருந்து நீக்கித் தருவார்களாம். பில்லைத் தேடி எடுத்தால், மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கடை முத்திரை இல்லை. கடைக்காரரிடம் பில் கேட்டால், "பழைய கணக்கு க்ளோஸ் ஆயிருச்சு சார்" என்கிறார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. க்யூஆர் கோடை உங்கள் போனில், உங்கள் கணக்கில் நீங்களே ஸ்கேன் பண்ணுங்கள். கடைக்காரன் கிளம்பும் முன் அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். 'எஸ்டிமேட்' சீட்டை வாங்காதீர்கள். ஸ்டாட்டிக் ஐபிக்குப் பணம் கேட்டால் நெட் கம்பெனியிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தால் அதில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் ஆப்பைப் போட்டு உங்கள் போனில் இருந்து மட்டும் பார்க்கலாம், காசு வேண்டாம், ஸ்டாட்டிக் ஐபியும் வேண்டாம் என்கிறார் நண்பர். படுக்கிற, புழங்குகிற இடத்தில் கேமராவே வைக்காதீர்கள், இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதைக்கு ரெக்கார்டரின் நெட் ஒயரைப் பிடுங்கியாயிற்று. பட்டாசல் கேமரா மேல் அம்மா ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். 6,500 ரூபாய் இன்னும் வரவில்லை.