வெள்ளி ஒன்று, வெள்ளை இரண்டு: பல் நிற அடைப்புடன் பன்னிரண்டு ஆண்டுகள்

என் வாயில் மூன்று அடைப்புகள் இருக்கின்றன. கீழ்வரிசை வலது கடைவாய்ப்பல்லில் 1997இல் வைத்த வெள்ளி அடைப்பு ஒன்று. மேல்வரிசையில் இடப்பக்கம், சிரித்தால் தெரியும் சிறிய கடைவாய்ப்பல்லில், 2013இல் வைத்த பல் நிறக் காம்போசிட் ஒன்று. அதற்கு இரண்டு பல் தள்ளி, பெரிய கடைவாய்ப்பல்லில், 2016இல் வைத்துப் பழுதாகி 2019இல் மாற்றி வைத்த காம்போசிட் ஒன்று. இரண்டு வகையும் ஒரே வாயில் ஒரே சாப்பாட்டை மென்று வந்திருப்பதால், எதில் என்ன நன்மை என்பதை விளம்பரப் பலகையைப் பார்க்காமலேயே என்னால் சொல்ல முடியும். 'வைத்தது வெளியே தெரியாது' என்பதையே எல்லாரும் முதலில் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது நன்மைதான்.

வெள்ளி அடைப்பு வைத்தபோது நான் ஆற்காட்டில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சொத்தை மிளகளவுதான் இருந்தது. குடைந்து முடித்தபோது குழி அதைப்போல் இரண்டு மடங்காகியிருந்தது. மருத்துவர் மீது குற்றமில்லை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூளைப் பாதரசத்தோடு சேர்த்துச் செய்யும் அமால்கம்தான் இந்த வெள்ளி அடைப்பு; அது பல்லோடு ஒட்டாது. எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசமே. அது கழன்று விழாமல் நிற்க வேண்டுமானால் வாய் குறுகி அடி அகன்ற குடம்போலக் குழி வெட்ட வேண்டும். கடிக்கும் அழுத்தத்தில் உடையாதிருக்க ஆழமும் வேண்டும். ஆகவே சொத்தையோடு நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடும். மறுநாள் வரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். 28 ஆண்டுகளாக அது உழைக்கிறது. வாய்விட்டுச் சிரித்தால் கறுப்பாகத் தெரிகிறது என்பதைத் தவிர அதன் மீது எனக்குப் புகார் இல்லை.

2013இல் மேல்பல்லில் கறுப்புக் கோடு தெரிந்ததும் சத்துவாச்சாரியில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். "சொத்தைப் பல்ல புடுங்கிப் போட்டுட்டு வராம, அதுக்கு எண்ணூறு ரூபாயா? இன்னாடா இது!" என்று அம்மா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. மருத்துவர் முதலில் செய்த வேலை நிறம் பார்ப்பது. பொய்ப்பற்கள் வரிசையாகக் கோத்த ஒரு பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் என் பல்லருகே பிடித்து, ஏ3 என்று குறித்துக்கொண்டார். பஞ்சு வைத்து உலர்த்திய பிறகு பல் உள்ளதைவிட வெளுத்துத் தெரியும் என்பதால், ஈரமாக இருக்கும்போதே நிறம் தேர்ந்துவிட வேண்டுமாம்.

பிறகு சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்தார். குடம்போலக் குடைய வேண்டிய தேவை இல்லை. குழிக்குள் நீல நிறக் கூழ் ஒன்றைத் தடவிச் சில நொடிகள் கழித்துக் கழுவினார். அது பாஸ்பாரிக் அமிலம். எனாமலின் மேற்பரப்பை அது நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்குகிறது. அதன்மேல் பூசும் பசை அந்த நுண்துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. அமிலம் பூசினால் பல்லில் பிசின் ஒட்டும் என்பதை அமெரிக்கப் பல் ஆய்வாளர் மைக்கேல் புவோனகோர் 1955இலேயே எழுதிவிட்டார்; இன்றைய காம்போசிட்டுக்கு அடிப்படையான பிசினை ரஃபேல் போவன் உருவாக்கிக் காப்புரிமை பெற்றது 1962இல். அந்தப் பிசினில் கண்ணாடி, சிலிக்காத் துகள்களைக் கலந்ததுதான் என் பல்லில் இருப்பது. அதை ஒரேயடியாக அடைக்காமல், இரண்டு மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் இருபது நொடி நீல ஒளி காட்டினார். கருவி 'பீப்' என்றதும் அடுத்த அடுக்கு. கடைசியில் நீல நிறத் தாளைப் பல்லிடையில் வைத்து, "டக் டக்னு கடிங்க சார்" என்று சொல்லி, மை அழுத்தமாகப் பதிந்த மேட்டைத் தேய்த்துவிட்டார். ஒளி பட்டவுடனேயே இறுகிவிடுவதால் மறுநாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்தத் தைரியத்தில் எதிர்க்கடையில் தேநீர் வாங்கி, மரத்துப்போன உதட்டின் வழியே பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அடைப்பு இறுகிவிட்டாலும் மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் தணிய இரண்டு மணி நேரம் ஆகும் என்பதை அப்படித்தான் கற்றேன்.

நல்ல பல் மிஞ்சியது என்பதையே நான் முதல் நன்மையாகக் கருதுகிறேன். அடைப்புப் பல்லோடு ஒட்டியே நிற்பதால், எஞ்சிய மெல்லிய சுவருக்கும் பிடிமானம் கிடைக்கிறது. 2020இல் வேர்க்கடலை மிட்டாய் கடித்தபோது அந்த அடைப்பின் ஓரம் துளி பெயர்ந்தது; முழுவதையும் தோண்டாமல், பெயர்ந்த இடத்தை மட்டும் சொரசொரப்பாக்கி மேலே புதிதாக ஒட்டினார்கள். கால் மணி நேர வேலை.

இனி 2016இன் கதை. இந்த முறை சொத்தை இரண்டு பற்களுக்கு நடுவே, ஈறை ஒட்டி இருந்தது. வேறொரு மருத்துவமனை, மாலை நேரக் கூட்டம், ஈறில் ரத்தக் கசிவு நிற்கும் முன்பே அடைத்து அனுப்பிவிட்டார்கள். காம்போசிட்டுக்கு ஈரம் ஆகவே ஆகாது. எச்சிலோ ரத்தமோ பட்டால் பசை பிடிக்காது. போதாததற்கு, இறுகும்போது அது சில விழுக்காடு சுருங்கும். பிடிப்பில்லாத ஓரத்தில் அந்தச் சுருக்கம் மயிரிழை இடைவெளியாகிவிடும். எனக்கு முதல் வாரமே பானைத் தண்ணீர் பட்டால் கூச்சம். பக்கத்துப் பல்லோடு அடைப்பு இறுக்கமாகப் பொருந்தாததால், ஞாயிறுதோறும் பிரியாணியின் கறி நார் அதில் சிக்கி, திங்கள் காலை வரை நாக்கு அங்கேயே துழாவிக்கொண்டிருக்கும். மூன்றே ஆண்டில் அடியில் மறுபடியும் சொத்தை.

2019இல் அதை எடுத்து மறுபடி வைத்தவர் பல்லைச் சுற்றி ரப்பர்த் திரை கட்டி எச்சிலைத் தடுத்தார். பற்களுக்கு நடுவே மெல்லிய உலோகப் பட்டையையும் மர ஆப்பையும் செருகி வடிவம் பிடித்தார். முக்கால் மணி நேரம் ஆனது, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார். வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தீர்களா என்றும் முதலிலேயே கேட்டார். கிராம்பில் உள்ள யூஜினால் பிசின் இறுகுவதைக் கெடுக்குமாம். நம் வீடுகளில் பல்வலி என்றால் முதலில் கிராம்புதானே. வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. அந்த அடைப்பில் இன்று வரை கூச்சமில்லை, நார் சிக்குவதும் இல்லை.

குறையும் உண்டு. 2013இல் வைத்தது ஏழெட்டு ஆண்டு வரை எது பல், எது அடைப்பு என்று எனக்கே தெரியாமல் இருந்தது. நாளுக்கு நான்கு தேநீரும், மஞ்சள் தூக்கலாகப் போட்ட முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பும் சேர்ந்து இப்போது அதன் விளிம்பில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. ஒருமுறை மெருகேற்றியதில் பாதி போனது, மீதி அப்படியே இருக்கிறது. பெரிய கடைவாய்ப்பற்களில் காம்போசிட் பொதுவாக வெள்ளி அளவுக்கு நீடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது, பாதரசக் கவலையில் வெள்ளியையும் எடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013இலேயே அமால்கம் பயன்பாட்டைக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் புதிதாக வைப்பதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டது. மருத்துவர் கூர்முனைக் கருவியால் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார். எங்கும் சிக்கவில்லை. நன்றாக இருக்கும் வெள்ளியைக் குடைந்தால் பாதரச ஆவியும் கூடுதலாக வரும், பல்லும் இன்னும் கொஞ்சம் தேயும் என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும் சார், மேலே இருக்கிற அந்தப் பழுப்பை வேண்டுமானால் தேய்த்துவிடட்டுமா?"