யாழ்தேவியில் சுன்னாகம் வரை

"இரவு பஸ்ஸில் ஏறு. விடியற்காலையில் வாசலிலேயே இறங்கலாம். ரயிலுக்கு ஏன் அலைகிறாய்?" என்று யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தில் இருக்கும் சித்தி தொலைபேசியில் சொன்னார். நான் கேட்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து இரண்டு விமானம் மாறி வருகிறவன், கடைசி 400 கிலோமீட்டரையும் இருட்டில் தூங்கிக் கடந்தால் ஊருக்கு வந்த மாதிரி இருக்காது.

2023 ஓகஸ்ட். நல்லூர்த் திருவிழாக் காலம் என்பதால் இருக்கைகள் எப்போதோ முடிந்துவிட்டன. முகவர் ஒருவர் டிக்கெட் விலையின் இரண்டு மடங்கைத் தரகாக வாங்கிக்கொண்டு இரண்டாம் வகுப்பில் ஓர் இடம் பிடித்துத் தந்தார். "வெளிநாடா?" என்று அவர் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து வடக்கே போகும் யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய 1988இலும் அதில்தான் கொழும்புக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து, 1990 ஜூனில், யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. போர்நிறுத்தத்தின்போது 2004இல் வந்து பார்த்தேன். யாழ்ப்பாண நிலையத்தில் கூரை இல்லை, சுவரெல்லாம் துளைகள். தண்டவாளம் கிடந்த இடத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்த ஆடு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போர் முடிந்தபின் இந்தியக் கடனில், இந்தியாவின் இர்கான் நிறுவனம் பாதையை அடியிலிருந்து போட்டது. ரயில் தவணை முறையில்தான் வடக்கே வந்தது. 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. பளைவரை மட்டும் ஓடிய அந்த ஏழு மாதமும் சித்தப்பா ரயிலில் பளைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாராம். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

2016இல் நான் வந்தபோது ஒரு வேடிக்கையைக் கண்டேன். போரில் அழிந்துபோய்ப் புதிதாகப் போட்ட பாதையில் ரயில் பறந்தது. ஒருநாளும் அழியாத தெற்குப் பக்கத்துப் பழைய பாதையில் ஆடி ஆடி ஊர்ந்தது. அந்தப் பகுதியையும் திருத்துவதற்காக 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே பாதையை மூடினார்கள். ஜூலையில் திறந்தார்கள். ஆகவே நான் ஏறியது இரண்டாம் முறை மீண்டு வந்த ரயிலில்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலையில் ஏறினேன். அநுராதபுரம்வரை பழைய ஆட்டம்தான். இறால் வடைக்காரர் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பெட்டி பெட்டியாக நடந்தார். இரண்டு வாங்கினேன், ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். அநுராதபுரம் தாண்டியதும் சத்தமே மாறிவிட்டது. தேநீரைச் சிந்தாமல் குடிக்க முடிந்தது.

எனக்கு எதிரே கொடிகாமத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் மருத்துவமனையில் மாதந்தோறும் கிளினிக். பாதை மூடியிருந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்டேன். ஐயா பதில் சொல்லாமல் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் சொன்னார்: கொழும்புக்கு இரவு பஸ் ஏறும் நாளில் மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாராம். பஸ்ஸில் கழிப்பறை இல்லை. நள்ளிரவில் முன்னால் எழுந்து போய், நிறுத்துங்கள் தம்பி என்று கேட்க வெட்கம். "மருந்து ஏற்றுகிறவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். நான் என்ன செய்வது?"

ரயிலைப் பற்றி எத்தனையோ பேர் உருகி எழுதியிருக்கிறார்கள், நானும்தான். கழிப்பறையைப் பற்றி எவரும் எழுதி நான் படித்ததில்லை. வவுனியாவில் அந்த அம்மா ஒரு போத்தல் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பெட்டிக் கோடிக்கு மெல்ல நடந்து போய் வந்தார். ஐயா ஓய்வூதியருக்கு இலவசப் பயணம் தரும் புகையிரத ஆணைச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, டிக்கெட்டுக்கு நான் கொடுத்த தொகையை விசாரித்தார். பாதியைக் குறைத்துச் சொன்னேன். அதற்கே தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன். ஆனையிறவில் இரு பக்கமும் நீரேரி வெள்ளித் தகடாகக் கிடந்தது. பெட்டியில் பேச்சு ஓய்ந்தது. சிலர் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்கள். கொடிகாமத்தில் அவர்கள் இறங்கும்போது மூட்டையை நான் எடுத்துக் கொடுத்தேன். மேடையில் நின்று அந்த அம்மா கையசைத்தார்.

யாழ்ப்பாண நிலையத்துக்குப் புதுக் கூரை, புது வர்ணம். ஆட்டைத் தேடினேன். அதன் பேரப்பிள்ளைகூட இல்லை.

சுன்னாகத்தில் சித்தி குடையோடு நின்றார். நான் மெலிந்துவிட்டேன் என்பதைச் சொல்லி முடித்ததும் கையிலிருந்த பையை எட்டிப் பார்த்தார்.

"முறிகண்டிக் கச்சான் எங்கே?" வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் விற்கும் வேர்க்கடலையைத்தான் கேட்டார்.

"ரயில் அங்கே நிற்கவில்லை, சித்தி."

"பஸ் நின்றிருக்கும்" என்றார்.