டிடி ரிட்டர்ன்ஸ்: பயந்த முகம் போதும், மீதிச் செலவு எதற்கு?

பேய் காமெடிப் படம் பிடிக்கும் என்று சொன்னால் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். கொரியப் படம், மலையாளப் படம் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் 'தில்லுக்கு துட்டு' இரண்டாம் பாதியைப் பற்றி யாராவது ஆரம்பித்தால், பாவம் போல ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படம் ஓடினால் சேனல் மாற்ற மாட்டார்கள். இந்த ரசனையை ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. நல்ல பேய் காமெடி எடுப்பது கஷ்டமான வேலை, அதைச் சரியாகச் செய்தவர்களுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. அப்படிச் சரியாக வந்த ஒன்று 2023 ஜூலை 28 அன்று வெளியான 'டிடி ரிட்டர்ன்ஸ்' ('டிடி' என்றால் 'தில்லுக்கு துட்டு'தான்). எஸ். பிரேம் ஆனந்த் இயக்கம், சந்தானம் ஹீரோ. மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கதை என்று பார்த்தால் ஒரு பணப்பை, ஒரு பங்களா. புதுச்சேரியில் ஒரு கும்பல் கொள்ளையடித்த பணம் இன்னொரு கும்பலிடம் போகிறது, அங்கிருந்து வேறு கைக்குப் போகிறது, கடைசியில் ஆளில்லாத ஒரு பழைய பங்களாவுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. காதலியை மீட்கப் பணம் தேவைப்படுகிற ஹீரோ, அவருடைய நண்பர்கள், பணத்தைத் தேடி வருகிற ரவுடிகள் என்று எல்லோரும் உள்ளே போகிறார்கள், கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே இருக்கிற பேய்க் குடும்பம் உயிரோடு இருந்த காலத்திலேயே சூதாட்டம் நடத்தி, தோற்றவர்களைக் கொன்றுகொண்டிருந்த குடும்பம். செத்த பிறகும் அதே தொழில்தான். விளையாட்டில் ஜெயித்தால் பணம், தோற்றால் உயிர் போகும்.

இந்த ஒரு யோசனையில்தான் படம் நிற்கிறது. பெரும்பாலான பேய்ப் படங்களில் பேய் என்ன செய்யும், எதைச் செய்யாது என்று நமக்குத் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது. ஒரு காட்சியில் சுவரை உடைத்துக்கொண்டு வரும், அடுத்த காட்சியில் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கும். இங்கே பேய்க்குச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அதை ஏமாற்றப் பார்க்கலாம், பேயிடம் பேரம் பேசலாம், கூட இருப்பவனை முன்னால் தள்ளிவிடலாம், சாகிற நேரத்திலும் பையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கலாம். சிரிப்பு முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. பேயைவிடப் பணம் போய்விடுமோ என்ற பயம் பெரிதாக இருக்கிற மனிதர்கள், அதுவும் ஒரே அறைக்குள் ஏழெட்டுப் பேர்!

அப்புறம் அந்த ஏழெட்டுப் பேர் யார் என்பது ரொம்ப முக்கியம். ரெடின் கிங்ஸ்லி, மொட்டை ராஜேந்திரன், லொள்ளு சபா மாறன், முனீஷ்காந்த், பிபின், தங்கதுரை, பெப்சி விஜயன். ஒவ்வொருவரும் பயப்படுகிற விதம் வேறு. கிங்ஸ்லி பயந்தால் கத்திக்கொண்டே இருப்பார், நிறுத்தவே மாட்டார். மாறன் கடுப்பாகிவிடுவார், செத்துப்போகப் போகிறோம் என்பதைக்கூட யாரோ கடன் கேட்டு வந்ததுபோல எரிச்சலோடு எடுத்துக்கொள்வார். ராஜேந்திரனின் உருவத்துக்கும் குரலுக்கும் பேய்தான் அவரைப் பார்த்து ஓட வேண்டும், ஆனால் அவர் நடுங்குகிறார். இப்படி ஒரு கூட்டத்தை ஒரு அறையில் அடைத்துவிட்டால் கிராபிக்ஸுக்கு எதற்குக் கோடிகள்?

தமிழில் இதற்கு ஆதாரம் 1964-லேயே இருக்கிறது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவை உட்கார வைத்து, தான் எடுக்கப்போகும் படத்தின் திகில் கதையைச் சொல்வாரே, அந்தக் காட்சி. பேய் கிடையாது, இருட்டு கிடையாது, மேக்கப் கிடையாது. சத்தம்கூட நாகேஷ் வாயாலேயே போடுவதுதான். பாலையாவின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். தமிழ் சினிமாவில் இதைவிடச் செலவு குறைவான பேய் காமெடி கிடையாது, இதைவிட நல்லதும் கிடையாது என்றே சொல்வேன். 'சந்திரமுகி'யில் வடிவேலு செய்தது அதன் தொடர்ச்சிதான். 'காஞ்சனா'வில் ராகவா லாரன்ஸ் பயந்துபோய் ஓடி வந்து கோவை சரளாவின் இடுப்பில் ஏறி உட்காருவதும் அதே வம்சம்தான். நாம் பார்த்துச் சிரிப்பது பேயை அல்ல, பயப்படுகிற ஆளை. இது புரிந்த இயக்குநருக்கு ஒரு வீடு, ஒரு ராத்திரி, நல்ல நடிகர்கள் இருந்தால் போதும். புரியாதவர் பேய்க்குச் செலவு செய்துகொண்டிருப்பார்.

2014-க்குப் பிறகு வரிசையாகப் பேய்ப் படம் வந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். அந்த வருஷம் வந்த 'யாமிருக்க பயமே' எனக்கு இன்னும் பிடித்த படம். மலையில் ஒரு பழைய பங்களாவை ஹோட்டலாக்கி, தங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, போலீசுக்குப் பயந்து கொல்லைப்புறத்தில் புதைத்துக்கொண்டே போவார்கள். கருணாகரனின் முகம் அந்தப் படத்தின் பாதி பலம், யோகி பாபுவைப் பலருக்குத் தெரிய வைத்ததும் அதுதான். 2016-இல் வந்த 'தில்லுக்கு துட்டு'வை இயக்கிய ராம்பாலா, விஜய் டிவியின் 'லொள்ளு சபா'வை இயக்கியவர். சந்தானம் வளர்ந்ததும் அங்கேதான். பெண்ணின் அப்பா ஹீரோவைத் தீர்த்துக்கட்ட ஆள் வைத்து, அந்த ஆட்கள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு பங்களாவில் காத்திருக்க, அங்கே நிஜப் பேயும் இருக்கிறது. வேஷம் எது, நிஜம் எது என்று தெரியாமல் அவர்கள் படுகிற பாடு அற்புதம். முதல் பாதியைத் தள்ளிவிட்டு நேராக இடைவேளையிலிருந்து பார்த்தாலும் நஷ்டமில்லை.

'டிடி ரிட்டர்ன்ஸ்' இந்த இரண்டையும்விட ஒரு விஷயத்தில் மேல். ஃப்ளாஷ்பேக் தொல்லை இல்லை. 'காஞ்சனா'வில் சரத்குமார் வந்த பகுதி மனதைத் தொட்டது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அது ஓடிவிட்டதால் பின்னால் வந்த ஒவ்வொரு படத்திலும் பேய்க்கு ஒரு சோகக் கதை, ஒரு துரோகம், ஒரு பழிவாங்கல், கடைசியில் கோயில் திருவிழாவில் ஒரு பாட்டு என்று அரை மணி நேரம் சிரிப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இதில் பேய்களின் கதையை ஆரம்பத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள். பேய்கள் கெட்டவர்கள், அவ்வளவுதான், பரிதாபப்பட ஒன்றுமில்லை. அந்தப் பேய்களாக நடித்த பிரதீப் ராவத்தும் (நம்ம 'கஜினி' வில்லன்) மாசூம் சங்கரும் ஒரு இடத்தில்கூடக் காமெடி செய்யவில்லை. சுற்றி இருப்பவர்கள் என்ன கூத்தடித்தாலும் அவர்கள் தங்கள் ஆட்டத்தை நடத்துவதிலேயே குறியாக இருக்கிறார்கள். பேயும் சேர்ந்து ஜோக் அடித்தால் பயம் போய்விடும், பயம் போனால் சிரிப்பும் போய்விடும். இதை இத்தனை தெளிவாகப் புரிந்துகொண்டு எடுத்ததற்காகவே பிரேம் ஆனந்தை எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டலாம்.

சந்தானத்தையும் சொல்ல வேண்டும். ஹீரோவான பிறகு பல படங்களில் டான்ஸ், ஃபைட், பஞ்ச் என்று தன்னைத் தொலைத்துக்கொண்டவர், இதில் மற்றவர்களுக்கு இடம் விட்டு ஓரமாக நிற்கிறார். ஒருவர் ஒன்று சொன்னதும் சட்டென்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார், அவருடைய பலமே அதுதானே.

குறைகள் இருக்கின்றன, மறைக்கவில்லை. பணம் கைமாறுகிற முதல் பகுதியில் கும்பல்கள் அதிகம், யாருடைய பை யாரிடம் போனது என்று குழப்பம் வருகிறது, பங்களாவுக்குள் போகும்வரை கொஞ்சம் பொறுமை வேண்டும். ஹீரோயின் சுரபிக்கு வேலையே இல்லை. உருவத்தைக் கேலி செய்கிற வசனங்கள் இதிலும் வருகின்றன, இந்த வகைப் படங்களின் தீராத வியாதி அது. இத்தனை நல்ல சூழ்நிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருடைய பல்லையும் நிறத்தையும் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பது சோம்பேறித்தனம். அந்த வசனங்களை வெட்டி எறிந்தாலும் படத்துக்கு ஒரு குறையும் வராது.

இதே கூட்டணி 2025 மே மாதம் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' என்று வந்தது. சினிமா விமர்சகரைப் படத்துக்குள்ளேயே இழுத்துப் போடுகிற பேய், அந்தப் பேயாகச் செல்வராகவன், கூடவே கௌதம் மேனன், கப்பல், தீவு என்று எல்லாமே பெரிதாகிவிட்டது. கேட்க நல்ல யோசனை. ஆனால் இடம் பெரிதாகப் பெரிதாக ஆட்கள் சிதறிவிட்டார்கள், ஒரே அறையில் முட்டி மோதிக்கொண்டு ஒருவர் பயம் இன்னொருவருக்குத் தொற்றுகிற அந்தச் சுகம் காணாமல் போய்விட்டது. அடுத்த பாகம் எடுப்பதாக இருந்தால் தயவுசெய்து மறுபடியும் ஒரு பழைய வீட்டைப் பிடியுங்கள்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இதைத் தனியாக ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள், பாதிச் சுவை போய்விடும். நாலு பேர் சேர்ந்து, சாப்பாட்டை முடித்துவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்து உட்காருங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற படம்தான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேய்க் குடும்பத்தின் ஆரம்பக் கதையை மட்டும் காட்டாமல் தாண்டி ஓட்டிவிடுங்கள், அது நிஜமாகவே கொஞ்சம் கொடூரம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், பங்களாவுக்குள் நடப்பதற்கு மட்டும் என்றால் நாலரை.